மூன்று பத்துக்கு வந்த கால்கள்

ஞானசேகரத்தின் கிளினிக் கொப்பியில் எல்லாத் திகதிகளும் இருக்கின்றன. சத்திரசிகிச்சை செய்த நாள், வீட்டுக்கு விட்ட நாள், கண் போன நாள். அந்தக் கொப்பியில் எந்த டொக்டரும் எழுதாத ஆறு நாட்களைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். நடந்ததைத்தான் சொல்கிறேன். இதைப் பகலில் வாசியுங்கள் என்று உங்களுக்குப் புத்தி சொல்லமாட்டேன். ஏனென்றால் இது நடந்ததெல்லாம் பகலில்தான். நல்ல வெயிலில்.

1997ஆம் ஆண்டு. திருகோணமலை. ஞானசேகரத்துக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞர். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தடித்த மூக்குக்கண்ணாடி. ஜூலை கடைசியில் ஒருநாள் காலை பல் தீட்டிக்கொண்டிருந்தபோது வலக்கண்ணுக்குள் நுளம்புக் கூட்டம் போலக் கரும்புள்ளிகள் பறந்தன. அடுத்த நாள் கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியது. மூன்றாம் நாள் ஒரு கறுப்புச் சீலையை யாரோ பக்கத்திலிருந்து மெல்ல இழுத்து மூடுவது போல இருந்தது.

கொழும்புக்குப் போனார்கள். விழித்திரை கழன்றுவிட்டது என்றார்கள். ஓகஸ்ட் 11, திங்கட்கிழமை, சத்திரசிகிச்சை நடந்தது. டொக்டர் பொறுமையான மனிதர். விளங்கும்படி சொன்னார்.

"கழண்டதை ஒட்டியிருக்கிறம். அது ஒட்டிப் பிடிக்கும் வரைக்கும் கண்ணுக்குள்ளை ஒரு காற்றுக் குமிழ் விட்டிருக்கிறம். குமிழ் எப்பவும் மேலைதான் போகப் பாக்கும். நீங்கள் முகத்தைக் குப்புற வைச்சிருந்தால்தான் அது பின்பக்கத்தை அமத்திப் பிடிக்கும். பத்து நாள். சாப்பிடேக்கையும் குனிஞ்சபடிதான்."

"நித்திரையிலை?"

"குப்புறத்தான். மல்லாந்து மட்டும் படுத்திடாதையுங்கோ. குமிழ் முன்னுக்கு வந்து கண்ணை அடைச்சுப்போடும். அழுத்தம் ஏறினால் ஒரு இரவு போதும், கண் போயிடும்."

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி கமலேஸ்வரி இதையெல்லாம் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பஸ்ஸில் திரும்பினார்கள். முன் சீற்றின் முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி ஞானசேகரம் வந்தார். ஹபரணை தாண்டிய பிறகு எல்லாச் சோதனைச் சாவடியிலும் இறக்கினார்கள். ஓரிடத்தில் முகத்தைத் தூக்கச் சொல்லி அதட்டினார்கள். கமலேஸ்வரி ஆஸ்பத்திரிக் கடிதத்தை நீட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றாள். கடிதத்தை வாசித்த சிப்பாய் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ரோட்டில் குந்தியிருந்து, கீழேயிருந்து அவருடைய முகத்தை அண்ணாந்து பார்த்தான். அடையாள அட்டையைப் பார்த்தான். போகச் சொன்னான்.

வீடு உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இருந்தது. இரண்டு அறை, நடுவில் ஒரு நடை, கடைசியில் சமைக்கிற குசினி. சிவப்புப் பூச்சு அடித்த சிமெந்து நிலம். ஞானசேகரம் அறையில் ஒரு கதிரையில் இருந்து, முன்னால் ஸ்டூலில் தலையணைகளை அடுக்கி, அதில் நெற்றியைக் குத்திக்கொண்டு கிடந்தார். வேறு ஒன்றும் தெரியாது. நிலம் தெரியும். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே நிலத்தில் வைத்திருந்தார். அறை வாசலில் தொங்கிய சீலையின் அடி தெரியும். சீலை ஒரு அடி கட்டை. அந்த ஒரு அடி இடைவெளியால் நடையில் போகிறவர்களின் கால்கள் தெரியும்.

கமலேஸ்வரியின் ரப்பர் செருப்பு. பக்கத்து வீட்டு ஸல்ஹா மீனாணம் கொண்டுவந்தால் அவளுடைய தோல் செருப்பு. அவ்வளவுதான் உலகம்.

ஓகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. பின்னேரம் மூன்று பத்து.

சளக்… சளக்… சளக்…

நனைந்த கால்கள் சிமெந்தில் ஒட்டி ஒட்டி எழும்பும் சத்தம். சீலைக்குக் கீழே இரண்டு கால்கள் போயின. வெறுங்கால்கள். ஆம்பிளைக் கால்கள். முன்வாசல் பக்கமிருந்து வந்து குசினிப் பக்கம் போயின.

ஸல்ஹாவின் புருஷன் ஜெமீலாக இருக்கலாம் என்று நினைத்தார். ஆனால் ஜெமீல் வாசலில் நின்று குரல் கொடுக்காமல் உள்ளே வருகிறவனல்ல.

"கமலேஸ்… ஆர் வந்தது?"

"ஒருத்தரும் வரேல்லையே. பேசாமல் கிடவுங்கோ."

அடுத்த நாளும் மூன்று பத்து. அதே சத்தம். இந்த முறை கால்கள் போன பிறகு நிலத்தைப் பார்த்தார். ஈரச் சுவடுகள். வெளியே கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஊரில் மழை பெய்து மூன்று மாதம். சுவடுகள் காய்ந்த பிறகு ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கால்கள் சீலைக்கு முன்னால் நின்றன.

ஒன்று… இரண்டு… ஏழு செக்கன். கடிகாரத்தின் சிவப்பு முள்ளைப் பார்த்து எண்ணினார். இடது கணுக்காலைச் சுற்றி ஒரு தழும்பு. கயிறு அறுத்துக் காய்ந்த தழும்பு.

ஞானசேகரத்துக்கு அந்தத் தழும்பைத் தெரியும்.

தவராசா.

சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தவன். துறைமுகத்தில் சுழியோடி. கப்பல்களின் அடியில் கயிறு சிக்கினால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்து ஏறி வந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட ஞானசேகரத்தின் மேசைக்கு முன்னால் நின்று கையெழுத்து வைப்பான். பதிவுப் புத்தகத்தில் அவன் கைபட்ட பக்கங்கள் எல்லாம் பொங்கிக் கிடக்கும். கந்தோர்ப் பெண்கள் ஏதாவது சாட்டில் யன்னலுக்குப் போவார்கள்.

கமலேஸ்வரி அவனுக்குப் பேசியிருந்த பெண். இரண்டு வருடம் பழகினார்கள். அவள் ஒருநாள் சோற்றுப் பார்சல் கொண்டுவந்து இறங்குதுறையில் அவனுக்குக் கொடுத்ததை ஞானசேகரம் மாடி யன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். அவன் ஏதோ சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து குனிந்து சிரித்தாள்.

1990ஆம் ஆண்டு ஜூலையில், சண்டைக்குப் பயந்து ஊரே ஓடியபோது, தவராசாவும் ஒரு வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனான் என்றார்கள். கடிதம் இல்லை. 1992இல் கமலேஸ்வரியின் அண்ணன், அரசாங்க உத்தியோகம் என்று ஞானசேகரத்தைத் தேடி வந்தார். கலியாணம் நடந்தது. அவள் அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. இவர் கேட்டதில்லை. ஆனால் ஐந்து வருடமாக இவர் ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தார். அவள் ஒருமுறையாவது அப்படிக் குனிந்து குனிந்து சிரிக்கவேண்டும். இவருக்காக.

சிரிக்கவில்லை.

அன்று அந்தத் தழும்பைக் கண்டபோது அவருக்குப் பயம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. நெஞ்சு பற்றி எரிந்தது. இந்தியாவிலிருந்து களவாகத் திரும்பி வந்தவர்கள் அந்த நாட்களில் இருந்தார்கள். இவனும் வந்திருக்கிறான். எப்போது வந்தான்? இவர் தலைகுனிந்து கிடக்கும் நேரம் பார்த்து… இவருடைய வீட்டுக்குள்… இவருடைய தலைக்கு மேலால்…

கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள். பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை கமலேஸ்வரியின் கால்களில் கொலுசு இருந்தது. கலியாணத்துக்குப் போட்டுக் கழற்றியது. ஐந்து வருடம் அலுமாரிக்குள் கிடந்தது. சிலுங்… சிலுங்… என்று நடை முழுக்க நடந்தாள்.

"என்ன, கொலுசு போட்டிருக்கிறாய்?"

"சும்மாதான்."

இரண்டு ஐம்பதுக்குக் கிணற்றடியில் வாளிச் சத்தம். முகம் கழுவுகிறாள். மூன்று பத்துக்கு… சளக்… சளக்…

செவ்வாய்க்கிழமை அவளுடைய குரலும் கேட்டது. குசினியில். மெல்ல. குழந்தையோடு கதைப்பது போல.

"ஏன் வந்தனீங்கள்?… போங்கோ… சொன்னால் கேளுங்கோ, என்ர ராசா…"

என்ர ராசா. ஐந்து வருடத்தில் அந்தச் சொல்லை இவர் அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. தலையணையைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்தார்.

புதன்கிழமை. ஓகஸ்ட் 20.

மூன்று மணிக்கே கொலுசுக் கால்கள் நடைக்கு வந்துவிட்டன. சீலைக்கு வெளியே, சுவர்த் தட்டுக்குப் பக்கத்தில் நின்றன.

மூன்று ஏழு. காற்று நின்றது. ஒழுங்கையில் நாய்கூட இல்லை.

மூன்று ஒன்பது.

மூன்று பத்து.

சளக்…

சளக்…

ஈரக் கால்கள் வந்தன. கொலுசுக் கால்களுக்கு எதிரே நின்றன. விரலுக்கு விரல் நேராக. இடையில் ஒரு சாண்கூட இல்லை. அவற்றிலிருந்து தண்ணீர் வடிந்து அவளுடைய செருப்புக்குக் கீழே போனது. அவள் விலகவில்லை.

பிறகு…

அவளுடைய குதிக்கால்கள் மெல்ல உயர்ந்தன.

நுனிக்காலில் நின்றாள். அவனை நோக்கி.

ஞானசேகரம் எழும்பினார்.

ஒன்பது நாளுக்குப் பிறகு முதல்முறையாக முகத்தைத் தூக்கினார். தலை சுற்றியது. சீலையைப் பிடித்து இழுத்தார். அது கம்பியோடு கழன்று வந்தது.

இடது கண்ணில் கமலேஸ்வரி தெரிந்தாள். தனியே. கையை உயர்த்தித் தட்டில் இருந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

வலது கண்ணுக்குள் குமிழ் ஆடியது. உலகம் முழுக்க வெள்ளித் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள்… அவளுக்கு முன்னால்… ஒருவன் நின்றான்.

வலதை மூடினார். அவள் மட்டும்.

இடதை மூடினார். அவன்.

தலைமயிர் தண்ணீருக்குள் அசைவது போல அசைந்தது. முகம் அவளுடைய காதோடு. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் இல்லை.

அவன் இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஞானசேகரம் பாய்ந்தார். ஈரத்தில் கால் வழுக்கியது. மல்லாந்து விழுந்தார்.

கமலேஸ்வரி அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயோ, திரும்புங்கோ! குப்புறத் திரும்புங்கோ!" தோளைப் பிடித்து உருட்டப் பார்த்தாள். அவர் அவளுடைய கையைத் தட்டிவிட்டார்.

"எங்கை அவன்?"

"எவன்?"

"நடிக்காதை. எத்தினை நாளாய் நடக்குது?"

"ஆரைக் கேக்கிறியள்? நான் மருந்துப் போத்தல் எடுத்தனான்…"

கட்டிலில் ஏறி மல்லாந்து கிடந்தார். கண்ணை வாசலில் வைத்திருந்தார்.

"இனிக் குப்புறப் படுக்கமாட்டன். நான் முகத்தைத் தூக்காத நேரம் பாத்துத்தானே எல்லாம் நடக்குது? இனிப் பாத்துக்கொண்டு கிடப்பன். வரட்டும்."

அவள் கும்பிட்டாள். காலைப் பிடித்தாள். டொக்டர் சொன்னதை எழுதிய துண்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஸல்ஹா வந்து கெஞ்சினாள். அவர் அசையவில்லை. கண் போகும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கிடந்தார்.

ஏழு மணிக்குக் கண்ணுக்குள் யாரோ பெருவிரலை வைத்து அமத்துவது போல இருந்தது. எட்டு மணிக்கு ஓங்காளித்துச் சத்தி எடுத்தார். ஒன்பது மணிக்குச் சுவரில் தலையை மோதினார். கமலேஸ்வரி மதிலால் எட்டிக் கூப்பிட, முச்சக்கரவண்டி வைத்திருந்த ஜெமீல் வந்தான். துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டு ஆறு மணிக்கே ஊரடங்குச் சட்டம் போட்டிருந்தார்கள்.

"சந்தியில ஆமி நிக்கிறானுகள் தங்கச்சி. விடியுமட்டும் வெளிய எடுக்க ஏலா. சுடுவானுகள்."

விடிந்து ஆறு ஐந்துக்குத்தான் வண்டி எடுக்க முடிந்தது. பெரியாஸ்பத்திரியில் அழுத்தத்தைக் குறைக்க மருந்து கொடுத்து, கொழும்புக்குத் துண்டு எழுதினார்கள். பாதை திறந்து போய்ச் சேர இரண்டு நாளானது. அதே டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஒட்டிய விழித்திரை திரும்பக் கழன்றிருந்தது. அழுத்தத்தில் நரம்பு செத்துவிட்டது.

"மல்லாந்து படுத்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்."

வலது கண் முடிந்தது.

அன்று வார்ட்டில், பக்கத்துக் கதிரையில் இருந்தபடி, கமலேஸ்வரி மெல்லக் கேட்டாள்.

"ஏன் ஒவ்வொரு நாளும் பின்னேரத்திலை எழும்பி நடந்தனீங்கள்?"

"நானோ? நான் கதிரையை விட்டு எழும்பவே இல்லை."

அவள் அவரையே பார்த்தாள்.

"எனக்குப் பின்னாலை நடந்து வருவியள். காலடிச் சத்தம் கேக்கும். குசினியிலை வந்து எனக்குப் பின்னாலை நிப்பியள். மூச்சுக் கேக்கும். நான் திரும்பேல்லை. திரும்பினால் நீங்களும் முகத்தைத் தூக்கிப் பாப்பியள் எண்டு பயம். 'போங்கோ, என்ர ராசா, போய்க் கிடவுங்கோ' எண்டு உங்களைத்தானே கெஞ்சினனான்?… நிலத்திலை தண்ணி கிடக்கும். செம்பைத் தட்டிப்போட்டியள் எண்டு துடைப்பன். நான் பக்கத்திலைதான் நிக்கிறன் எண்டு தெரிஞ்சால் எழும்பமாட்டியள் எண்டுதான் கொலுசையும் எடுத்துப் போட்டனான்."

என்ர ராசா என்று அவள் சொன்னது ஞானசேகரத்தைத்தான். அவருக்குச் சொன்னதை வேறு யாரோ நின்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். இப்போதும் அவருக்குப் பயம் வரவில்லை. அதே எரிச்சல்தான்.

தவராசாவின் பெயரை அவர் அப்போதும் சொல்லவில்லை. தழும்பைப் பற்றியும் சொல்லவில்லை. அவளும் மேலே கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பினார்கள். அவர் ஒற்றைக் கண்ணோடு கந்தோருக்குப் போனார். அதன் பிறகு அந்தக் கால்களை அவர் காணவில்லை.

2002இல் சமாதானம் வந்தது. பாதைகள் திறந்தன. இந்திய அகதி முகாம்களில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சல்லியைச் சேர்ந்த பாக்கியரத்தினம் என்ற கிழவர் மீன்பிடிப் பதிவு ஒன்றுக்காகக் கந்தோருக்கு வந்தார். தவராசா போன அதே வள்ளத்தில் போனவர். ஞானசேகரம் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"அண்ணை, தவராசா இப்ப எங்கை?"

கிழவர் அவரை ஒருமாதிரிப் பார்த்தார்.

"அவன் இந்தியாவுக்கு வரேல்லையே தம்பி. வெளிக்கிட்டு ரெண்டு மணித்தியாலம், பின்னேரம் மூண்டு மணி கழிஞ்சிருக்கும். கரை இன்னும் மங்கலாய்த் தெரியுது. சும்மா இருந்தவன் எழும்பினான். 'அவளிட்டைச் சொல்லாமல் வந்திட்டன், போய்ச் சொல்லிப்போட்டு வாறன்' எண்டான். பகிடி எண்டு நினைச்சம். பாய்ஞ்சிட்டான். கடல் தூரம். எவ்வளவு சுழியோடியெண்டாலும் நீந்த ஏலாத தூரம். கொஞ்ச நேரம் தலை தெரிஞ்சுது… பிறகு தெரியேல்லை."

"திருப்பிப் போய்ப் பாக்கேல்லையோ?"

"நேவி வரும் எண்டு பயம். ஆருக்கும் சொல்லவும் இல்லை. சொல்ல வாய் வரேல்லை."

பின்னேரம் ஞானசேகரம் வீட்டுக்கு வந்தபோது கமலேஸ்வரி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பாக்கியரத்தினம் வந்த கதை எப்படியோ அவளுக்கு எட்டியிருந்தது. துருவலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"தவராசாவைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

கலியாணமாகிப் பத்து வருடம். முதல்முறையாக அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்தது. எவ்வளவு இலகுவாக வந்தது! ஒவ்வொரு நாளும் சொல்லிப் பழகிய பெயர் போல.

அவன் உனக்காகத்தான் கடலில் பாய்ந்தான் என்று சொல்லியிருக்கலாம். ஞானசேகரத்தால் அது முடியவில்லை.

"ஓம், சொன்னவர். ஆள் அங்கை நல்லாய் இருக்கிறாராம். கலியாணம் கட்டி ரெண்டு பிள்ளையளும் இருக்காம்."

துருவும் சத்தம் நின்றது.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால், குசினி மூலையைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"அப்ப…" என்றாள், "இவ்வளவு வருசமாய், பின்னேரத்திலை வந்து எனக்குப் பக்கத்திலை நிக்கிறது ஆர்?"